ஒன்பது கிராம்

பகாவுக்கு வெளியே, செம்பனை ஆலை வாசலில்
நாற்பது டன் தாங்கும் எடைப் பாலம்.
பக்கத்தில் என் கண்ணாடிக் கூண்டு.
குலை நிரம்பி லோரி ஏறும், எண்ணை எழுதுவேன்.
காலியாகத் திரும்பும், அதையும் எழுதுவேன்.
இருபது கிலோவுக்குக் கீழே எதையும்
இந்தப் பாலம் நம்புவதில்லை.
நான் தேடியதோ
ஒன்பது கிராம்.

கைப்பேசியில் ஒருவன் காசை மடக்குகிறான்,
ஊதுகிறான், விரிக்கிறான். காணோம்.
அமெரிக்க அரை டாலராம் அது.
உள்ளே குடைந்த ஓட்டுக் காசும் சேர்த்து
தபால் கூலியோடு முந்நூறு வெள்ளிச் சொச்சம்.
மோட்டாருக்குப் பின் டயர் மாற்றவேண்டிய மாதம்.
கூடையில் போட்டேன், எடுத்தேன்.
என் முதல் மறைவு வித்தை.

புது ஐம்பது காசு மஞ்சளாய், சின்னதாய் இருக்கும்.
விரலிடுக்கில் அது எங்கே போனதென்று
எனக்கே தெரியவில்லை.
தெரியக்கூடாதது எதிரே நிற்பவருக்கு.

பட்டறை மருதையாவிடம் நாலு வாஷர் கேட்டேன்.
"என்னத்துக்கு?"
"கதவுக்கு."
கை பழகியது, உண்மைதான்.
கிரீஸ் வாசம் மட்டும்
மூன்று நாள் மறையவே இல்லை.

பிறகுதான் டோபிக் கடை மேய் ஃபொங்கின் மைலோ டின்.
துணி துவைக்கும் இயந்திரம் துப்பிய
பழைய ஐம்பது காசுகள்.
வெள்ளை நிறம், நல்ல அகலம்,
ஒரு பக்கம் பட்டம், மறு பக்கம் செம்பருத்தி.
உள்ளங்கைச் சதை அதைக் கவ்வியது,
தூங்கும் பிள்ளை விரலைப் பிடிப்பதுபோல.
நாலு எடுத்தேன், இரண்டு வெள்ளி கொடுத்தேன்.
ஐம்பது காசின் விலை ஐம்பது காசேதான்.
இந்த ஊரில் வேறெதை அப்படி வாங்க முடிகிறது?

விரிப்புக்கு, மௌஸின் அடியில் கிடந்த கறுப்பு அட்டை.
பைக்கு, நகைக்கடையில் கொடுத்த சிவப்புச் சுருக்குப் பை.
(மோதிரம் அடகில். பை சும்மா இருந்தது.)
ஆளுயரக் கண்ணாடிக்குச் செலவே இல்லை,
இரவு ஷிப்டில் கூண்டின் நாலு பக்கமும் நான்தான்.

ஒரே ஒரு தொல்லை.
இரண்டு காசு ஒரே கைக்குள் இருந்தால்
பேசிக்கொள்ளும்.
கிளிங்.
அந்த ஒரு சொல் போதும் மாட்டிக்கொள்ள.

சுகெங் குலை அறுப்பவன், பிளித்தாரிலிருந்து வந்தவன்.
மேலெல்லாம் செம்பனை முள் கீறல்.
விரிப்பைப் பார்த்துவிட்டு, பர்ஸின் மூலையிலிருந்து
ஐந்நூறு ரூப்பியா ஒன்றைத் தள்ளினான்.
அலுமினியம். கிட்டத்தட்ட அதே அகலம்.
மூன்று கிராம் இருந்தால் அதிகம்.
மேசையில் போட்டால்
இலை விழுந்த சத்தம்.

இதை வைத்து என்ன செய்வதென்று
இரண்டு வாரம் இழுப்பறையில் போட்டிருந்தேன்.
ஊமை என்று ஒதுக்கியதுதான் ஒரு நாள் உறைத்தது:
செம்பருத்தியின் முதுகில் இதைப் படுக்கவைத்தால்
உள்ளே யாரும் யாரோடும் பேசுவதில்லை.

சம்பள நாள். கூண்டு ஜன்னலில் சுகெங்.
அவன் காசை அவன் கண்ணெதிரே வாங்கி
மூடினேன். ஊதவில்லை, மந்திரம் சொல்லவில்லை.
திறந்தேன்.
மல்லிகை இருந்த இடத்தில் செம்பருத்தி.

புரட்டிப் பார்த்தான், கடித்துப் பார்த்தான்,
என் சட்டைக் கையைப் பார்த்தான்.
பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னான்:
"இது எங்களுக்கும் தெரியும் அக்கா,
மாசாமாசம் திருப்பிச் செய்கிறோம்.
ரிங்கிட்டை ரூப்பியாவாக்குகிறோம்.
நடுவில் கொஞ்சம் காணாமல் போகும்,
எந்தக் கைக்குள் என்றுதான்
கண்டுபிடிக்க முடியவில்லை."

நான் சிரித்த சிரிப்பில் கை தளர்ந்து
மறைத்த மல்லிகை நழுவி, ஜன்னல் விளிம்பில் தட்டி,
பாலத்து இரும்பு இடுக்கில் விழுந்தது.
சத்தமே இல்லை.
திரையில் பூஜ்யம்.

அவன் குனிந்து தேடத் தொடங்கினான்.
பின்னால் லோரி ஹாரன் அடித்தது.